ராசா இல்லாத வீட்டுக்கு ஒரு பேணி பணியாரம்

டேனிஷ் மொழிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கோபுரம் வைத்த பெரிய கல் மாளிகை. கோபன்ஹேகனில் முந்தி அரசர்கள் இருந்த இடம், இரண்டு தரம் எரிந்து மறுபடி கட்டியது, இப்போது அதற்குள்தான் நாடாளுமன்றம் என்றார். ஒரு பக்கத்தை மட்டும் அரசி விருந்தாளிகளை வரவேற்க வைத்திருக்கிறாராம். "மேலே பார்வையாளர் மாடம் இருக்கிறது. யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. கையைத் தூக்கி, யாரும் என்றால் நானுமா என்று கேட்டேன்.

"நீயும்தான்."

எனக்கு அங்கே ஓர் அலுவல் இருந்தது. என் மனைவி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். கலியாணம் முடிந்த சூட்டோடு நான் புறப்பட்டு வந்தவன். அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு இரண்டு பனிக்காலம் போய்விட்டது. ஓம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. இங்கே பல தமிழருக்கும் இதே கதைதான். எங்கள் விண்ணப்பங்கள் ஏன் நகரவில்லை என்று தொலைக்காட்சிச் செய்தியில் அப்போதுதான் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி வரப்போகிறது என்றும் சொன்னார்கள்.

அந்தக் கிழமை தொலைபேசிக் கூண்டில் நின்று அவளோடு கதைத்தேன்.

"பக்கத்து அறைப் பிள்ளை ஜேர்மனிக்குப் போட்டுது. மனுசன் கூப்பிட்டிட்டார்," என்றாள். பிறகு, "நீங்கள் ஆரிட்டையாவது நேர போய்க் கேட்டனீங்களோ?"

"போறன். அரமனைக்கே போறன், இருந்து பாரும்," என்றேன். அவள் சிரித்தாள். காசு முடிந்து லைன் அறுந்தது. பாதிச் சிரிப்பு என் காதிலேயே நின்றுவிட்டது.

இக்காஸ்ட் என்ற ஊரில் நானும் மன்னார் அண்ணை ஒருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் ஒரே பின்னல் தொழிற்சாலை. அவருக்குக் காலை வேலை, எனக்குப் பின்னேர வேலை. அடுப்பில் மூடிவைத்த சோற்றுப் பானை சூடாக இருந்தால் அண்ணை இப்போதுதான் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். கிழமை நாட்களில் எங்கள் சகவாசம் அவ்வளவுதான். ஞாயிறு பூசை முடிந்து வந்தால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அந்த ஞாயிறு விசயத்தைச் சொன்னேன்.

"ராசாவின்ர வீட்டுக்கோ? அப்ப வெறுங்கையோடயோ போகப்போறாய்?"

"அது பாராளுமன்றம் அண்ணை."

"ராசா வீடெண்டு நீதானே இப்ப சொன்னனீ. முதன்முதல் ஒரு வீட்டுக்குப் போறவன் கையை வீசிக்கொண்டு போறதே? பெண்சாதியைக் கேக்கப் போறாய், அதுவும் சும்மா!"

விவாதிக்க என்னிடம் நியாயம் நிறைய இருந்தது. ஆனால் அவர் அதற்குள் வறுத்த பயத்தம் மாவு டப்பாவைத் திறந்துவிட்டார். நான் தேங்காய்ப்பூவை வறுக்க, அவர் மாவை உருட்டிப் பொரித்தார். எண்ணெய் மணம் மாடிப்படி முழுக்கப் பரவி, கீழ்வீட்டுக்காரி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். பட்டர் பிஸ்கட் வந்த நீலத் தகரப்பேணி ஒன்றில் பணியாரத்தை அடுக்கி மூடிவிட்டு, "உடையாமக் கொண்டு போ," என்றார்.

மடியில் பேணியோடு ரயில் ஏறினேன். கோபன்ஹேகனுக்குப் போகும் வழியில் கடல் வந்ததும் ரயில் அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் புகுந்தது. எல்லோரும் மேலே கோப்பி குடிக்கப் போனார்கள். நானும் மேல்தட்டுக்குப் போய்க் காற்றில் நின்றேன். என் பக்கத்து இருக்கை முழு வழியும் காலியாகவே வந்தது. அதில் மனைவியை இருத்திப் பார்த்தேன். ஜன்னல் பக்கம்தான் கேட்பாள்.

மாளிகை படத்தில் பார்த்ததைவிடக் கறுப்பு. வாசலில் துவக்கு ஏந்திய காவலாட்கள் நிற்பார்கள் என்று நினைத்து மனதில் டேனிஷ் வசனங்களை அடுக்கிக்கொண்டு போனேன். ஒருவரும் மறிக்கவில்லை. உள்ளே மேலங்கிகள் கொழுவும் இடத்தில் ஒரு காவலர் மட்டும் பேணியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"இனிப்பு. நாங்கள் செய்தது."

"யாருக்கு?"

இதற்கு வசனம் அடுக்கி வைக்கவில்லை. "இந்த வீட்டுக்காரருக்கு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே யாரையோ தேடுவதுபோல ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "வீட்டுக்காரர் என்று இங்கே யாரும் இல்லையே," என்றார். பிறகு பேணியைப் பக்குவமாக என் மேலங்கிக்குக் கீழே வைத்தார். மாடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாதாம், கைதட்டக் கூடாதாம், பேசவும் கூடாதாம்.

மாடத்தில் உட்கார நீண்ட வாங்குகள். நானும், பல்கலைக்கழக மாணவி போல ஒருத்தியும் மட்டும். கீழே பாதிக் கதிரைகள் காலி. ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு பெண் எழுந்து பேசினார், அதில் 'தமிழர்' என்ற சொல் விழுந்தது. அரசர்கள் இருந்த இடத்தில் எங்கள் பெயர்! அதன் பிறகு 'மனைவிமார்', 'காத்திருப்பு', 'பதில்' மூன்றும் பிடிபட்டன. நடுவில் இருந்தவை எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. மறுபக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து நிதானமாக ஏதோ சொன்னார். அது ஓமா, இல்லையா? வாங்கின் நுனிக்கு வந்து குனிந்து கேட்டேன். தெரியவில்லை. அடுத்து பன்றி ஏற்றுமதி பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் பேசிய தமிழர்களில் ஒருவன் அவர்கள் தலைக்கு நேரே மேலே இருந்தான்.

கீழே வந்து மேலங்கியை எடுக்கும்போது அந்த மாணவி பின்னால் வந்தாள். "நீ காத்திருப்பவர்களில் ஒருவனா?"

"ஓம். கடைசியில் அவர் என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீட்டிச் சொன்னார்."

காலையிலிருந்து என்னோடு மனிதர் கதைத்தது இரண்டாம் தரம். நான் பேணியைத் திறந்து நீட்டினேன். அவள் படியிலேயே இருந்து கடித்தாள், மா எல்லாம் கழுத்துத் துண்டில் கொட்டியது. காவலரும் ஒன்று எடுத்து, திருப்பிப் பார்த்து, முழுதாக வாய்க்குள் போட்டார். எனக்கும் ஒன்று. வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் மூன்று பேர் மென்றுகொண்டு நின்றோம்.

"மாடத்தில் இருந்தால் கேட்க மட்டும்தான் முடியும்," என்றாள் அவள். "நாடாளுமன்றக் குழுக்களிடம் நேரம் கேட்டு எழுது. கூப்பிட்டால் அவர்களின் மேசைக்கு எதிரே இருந்து நீயே பேசலாம். சில நிமிடம்தான். யாரும் கேட்கலாம்."

யாரும். மறுபடி அதே சொல்.

வீட்டுக்கு வந்தபோது அதிசயமாக அண்ணை விழித்திருந்தார்.

"என்னவாம் ராசா?"

"ராசா இல்லை அண்ணை. அந்த வீட்டுக்கு ஆக்களே இல்லையாம்."

"அப்ப பணியாரத்தை ஆருக்குக் குடுத்தனீ?"

"வாசல்ல நிண்டவைக்கு."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

குழுவிடம் நேரம் கேட்டு எழுதிவிட்டேன். பதில் வரவில்லை, வரட்டும். இப்போது மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற துணிவில், நூல் அறும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் டேனிஷில் சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன்: என் மனைவி ஓர் அறையில் இருக்கிறாள். உங்களிடம் நேரில் கேட்கச் சொன்னாள். கேட்கிறேன். மூன்றாவது வசனத்தில்தான் குரல் இன்னும் உடைகிறது. அதைச் சரிப்படுத்திக்கொண்டு, அதே பேணியோடு போகப்போகிறேன். இந்தமுறை பேணியை மேலங்கிக்குக் கீழே விடமாட்டேன். மேசையில் வைப்பேன்.