இரண்டாவது குரல் நுழையும் இடம்

கோளரங்கத்தில் அவளுக்கு இருட்டக்கா என்று பெயர். பெயர் வைத்தவர் டிக்கெட் கொடுப்பவர். அவளை வெளிச்சத்தில் பார்த்தவர் யாருமில்லை என்பது அவர் கட்சி. காட்சிக்கு முன் விளக்கை அணைப்பவளும் அவள்தான், முடிந்ததும் போடுபவளும் அவள்தான். இடையில் கடைசி வரிசைக்குப் பின்னால் பொத்தான்கள் நிறைந்த மேசை முன் உட்கார்ந்து சூரியனை மறைய வைப்பாள், சந்திரனைத் தேய வைப்பாள், வியாழனை வேண்டிய பக்கம் திருப்புவாள். சொந்த வீட்டில் குழாய் ஒழுகினால் சரிசெய்ய ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறவளுக்கு, இங்கே கோள்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன.

அவள் ஒரு காலத்தில் பாடிக்கொண்டிருந்தவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தனியாக இல்லை, தங்கையோடு. தங்கை மேல் ஸ்தாயியில் எடுப்பாள். அவள் மூச்சு விடும் இடத்தில் அக்கா கீழ்க்குரலில் நுழைவாள். அப்படியே இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட இந்த ஏற்பாடு மாறியதில்லை. ஒரு நாள் இசை நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, காலை ஆட்டிக்கொண்டே இரண்டு பாட்டுகள் கேட்டுவிட்டு, "சின்னவங்க குரல் மட்டும் போதும்" என்றார். போதும் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்காவுக்குத்தான் அது நெஞ்சில் போய்த் தைத்தது.

தங்கை பெட்டி கட்டிய அன்று வாசலில் நின்று அக்கா ஒன்று சொன்னாள்: "இனிமே உன் குரல் இந்த வீட்டுல கேக்கக் கூடாது." பொறாமையில் சொன்ன வார்த்தை. சொன்ன மறுநிமிடமே அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் தங்கை அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டிருந்தாள். அவளுக்கும் ரோஷத்துக்குக் குறைவில்லை, ஒரே வயிற்றில் பிறந்தவள்தானே. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு போன் இல்லை, ஒரு விசாரிப்பு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அக்கா தன் வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். அந்த வீட்டில் தங்கையின் குரல் கேட்கவே இல்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டுதான் கேட்டாள். தங்கை எந்தப் பாட்டு வெளியிட்டாலும் அன்றைக்கே அது அக்காவின் காதுக்கு வந்துவிடும். காசு கொடுத்து மட்டும் வாங்க மாட்டாள். வாங்கினால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமாம். அதனால் இலவசமாகப் பாட்டு இறக்கித் தருவதாகச் சொல்லும் கண்ட கண்ட தளங்களில் புகுந்து எடுப்பாள். கூடப் பிறந்தவள் பாடுவதைக் கேட்பதற்கு இவளுக்குத் திருட்டு வழிதான் கிடைத்தது.

அப்படி ஒரு முறை, காட்சியை ஓட்டும் அலுவலகக் கணினியிலேயே இறக்கினாள். 'இறக்கு' என்று மூன்று பொத்தான்கள் இருந்தன. மூன்றில் பெரியதை அழுத்தினாள். வந்தது பாட்டாக இருந்திருந்தால் திறந்தவுடன் பாடியிருக்க வேண்டும். இதுவோ, 'நிறுவட்டுமா?' என்று கேட்டது. எந்தப் பாட்டாவது கேட்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வந்து குடியேறுமா? தங்கையின் புதுப் பாட்டைக் கேட்கும் அவசரத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை. சரி என்று அழுத்தினாள்.

மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரங்கம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். கோள்களுக்குக் காந்தப்புலம் எப்படி வருகிறது என்ற காட்சி. பூமிக்குள்ளே காந்தக் கல் ஏதும் இல்லை, அந்தச் சூட்டில் எந்தக் காந்தமும் தன் குணத்தை இழந்துவிடும் என்று பதிவுக் குரல் சொன்னது. அங்கே இருப்பது உருகிய இரும்பு. உள்சூடு வெளியேறத் தவித்து அதைக் கொதிநீர் போலப் புரட்டுகிறது. பூமியின் சுழற்சி அந்தப் புரளலை முறுக்கி ஒழுங்குபடுத்துகிறது. ஓடும் உலோகத்தில் மின்சாரம் பிறக்கிறது, மின்சாரத்தால் காந்தப்புலம், அந்தப் புலத்தில் ஓடுவதால் மறுபடி மின்சாரம். புரளல் நிற்காதவரை இது தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். வியாழனுக்குள் இரும்பின் வேலையை ஹைட்ரஜன் செய்கிறது. அங்குள்ள அழுத்தத்தில் அதுவும் உலோகமாகிவிடுகிறது. செவ்வாயில்தான் அந்தப் புரளல் எப்போதோ நின்றுபோனது, என்று சொல்லிக் குரல் நிறுத்த, அக்கா செவ்வாயை மெல்ல எழுப்பினாள். குவிமாடம் முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்பின் நடுவில் கொட்டை எழுத்தில், 'வாழ்த்துகள்! நீங்கள் ஒரு காரை வென்றுவிட்டீர்கள்!' கூடவே காது கிழிய ஒரு குத்துமேளம். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் காட்சிக்கு அவ்வளவு கைதட்டல் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

மேலாளர் நல்ல மனிதர், கத்தவில்லை. கணினியைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தார். "இனிமே பாட்டு வேணும்னா முறையா வாங்குங்க. இல்லைன்னா பாடினவங்களே இலவசமாக் குடுக்கிற இடத்துல எடுங்க" என்றார். பிறகு, கணினியில் அவள் இறக்கி வைத்திருந்த பழைய பாட்டுகளில் ஒன்றைத் தட்டிக் கேட்டவர் அப்படியே நின்றுவிட்டார். தங்கை பாடியது. "இது நல்லாருக்கே! செவ்வாய் வர்ற இடத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. இதையே போட்டுடலாம்."

"சரி சார், வாங்கிடறேன்" என்றாள்.

"வாங்கினா மட்டும் பத்தாதும்மா. வாங்கறது நாம கேக்கறதுக்குத்தான். அரங்கத்துல எல்லாருக்கும் போடணும்னா, பாடினவங்களைத் தனியாக் கேட்டு அனுமதி வாங்கணும். போன் பண்ணிக் கேட்டுடுங்க."

அக்கா இத்தனை வருடமாகக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டாம் என்பதற்காகத்தானே எடுத்தாள்! வேறு பாட்டு போடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஏன் என்று மேலாளர் கேட்டதும் மேசையைத் துடைக்கப் போய்விட்டாள். இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் செவ்வாய்க் காட்சி பாட்டில்லாமல் ஓடியது. பதிவுக் குரல் மட்டும், செவ்வாயின் காந்தப்புலம் அழிந்துபோனாலும் அதன் பழைய பாறைகளில் அந்தக் காந்தம் இன்னும் படிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓய்ந்தது. நூறு தடவைக்கு மேல் கேட்ட வாக்கியம். அன்றைக்கு அதைக் கேட்டு இருட்டில் அழுதாள். தங்கையின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருந்தது.

காட்சி முடிந்ததும், டிக்கெட் அறைத் தொலைபேசியிலிருந்து, அந்தப் பாட்டின் இணையப் பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது ஒரு இளம்பெண், தங்கையின் உதவியாளர். நல்லவேளை என்று மூச்சு வந்தது. "கோளரங்கத்திலேருந்து பேசறேங்க" என்று ஆரம்பித்து, தன் பெயரைச் சொல்லாமலேயே விஷயத்தைச் சொன்னாள்.

"முழுப் பாட்டுமா மேடம், இல்ல ஏதாவது ஒரு பகுதியா?"

"பகுதிதாங்க. ரெண்டாவது குரல் நுழையற இடத்திலேருந்து கடைசி வரைக்கும்."

எதிர்முனையில் தட்டச்சு நின்றது. "ரெண்டாவது குரலா? அந்தப் பாட்டுல ஒரே குரல்தானே மேடம்?"

அந்தப் பாட்டில் ஒரு இடத்தில் தங்கை நிறுத்துவாள். வெறும் சுருதி மட்டும் ஓடும். கேட்கிறவர்களுக்கு அது வெறும் இடைவெளி. அக்காவின் காதிலோ அந்த இடத்தில் எப்போதும் அவளுடைய கீழ்க்குரல் நுழைந்துகொண்டுதான் இருந்தது. வெளியிட்ட பாட்டில் அது இல்லை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "தப்பாச் சொல்லிட்டேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

"என்ன இருட்டக்கா, பேயைப் பாத்த மாதிரி இருக்கீங்க?" என்றார் டிக்கெட்காரர்.

"உங்க மூஞ்சியைப் பாத்தேன்" என்றாள். வாய் மட்டும் சாகவில்லை.

மாலைக் காட்சிக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அந்தத் தொலைபேசி அடித்தது. டிக்கெட்காரர் எடுத்து, கையால் போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "யாரோ பாட்டுக்காரம்மா. காலையில பேசினவங்க வேணுமாம்" என்றார். வாங்கினாள்.

"ரெண்டாவது குரல் எங்க நுழையுதுங்க?" என்று கேட்டது அந்தக் குரல். இயர்போன் வழியாக இல்லாமல், எந்தத் தளத்திலிருந்தும் திருடாமல், இருபது வருடத்துக்குப் பிறகு.

அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நீ மூச்சு விடற இடத்துல."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்த இடத்தை ஏன் காலியா விட்டிருக்கேன்னு எல்லாரும் கேட்டாங்க. வேற ஆளை வச்சுப் பாடவைன்னு சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். நீ கேட்டியா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

"எல்லாத்தையும் கேட்டேன்டி. ஒண்ணைக்கூட விடல." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எதையும் காசு குடுத்து வாங்கலை."

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். "திருட்டுக் கழுதை." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "பாட்டைப் போட்டுக்கோ, அனுமதி குடுத்துட்டேன். எழுத்துலயும் அனுப்பச் சொல்றேன். இப்ப நான் உன்கிட்ட ஒரு அனுமதி கேக்கணும்."

"என்கிட்ட என்ன?"

"நீ வீட்டுக்குப் போனதும் கூப்பிடறேன். ஸ்பீக்கர்ல போடுவியா?"

வரிசையில் நின்ற பிள்ளைகள் உள்ளே விடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. "எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கறேன்" என்றாள்.