ஏழாம் அத்தியாயத்துத் துண்டு

கண்ணாடிக் கடையில் இருபத்து நான்கு வருடமாக அவருக்கு ஒரே வேலை. போடப் போகிறவரின் கருவிழிக்கு நேராக லென்சில் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியை நடுவாக வைத்துத்தான் லென்சை வெட்டி ஃபிரேமில் பொருத்த வேண்டும். அது கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி போட்டவருக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் கடையில் எல்லோருக்கும் அவர் 'புள்ளி'. ஐம்பதை நெருங்கும் மனிதரை இப்படிக் கூப்பிடலாமா என்று யாரும் யோசித்ததில்லை, அவரும் கேட்டதில்லை. எதையுமே கேட்காமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கடை அக்காவின் கணவருடையது. மேல்மாடியில் வீடு, அதில் ஜன்னல் ஓரத்து அறை புள்ளிக்கு. அக்கா மதியம் சாப்பாட்டோடு இறங்கி வருவாள், கல்யாணப் பேச்சையும் கூடவே கொண்டுவருவாள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு அந்தப் பேச்சு நின்று, பெருமூச்சாக மட்டும் வந்துகொண்டிருந்தது. பெருமூச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் புள்ளிக்கும் அது வசதியாகவே இருந்தது.

சாப்பிட்டபின் அரை மணி நேரம் அவருடையது. பின்கட்டில் லென்ஸ் வெட்டும் மெஷினை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துவந்த, செய்தித்தாள் அட்டை போட்ட புத்தகத்தைப் பிரிப்பார்.

அது ஒரு தொடரின் இரண்டாவது புத்தகம். முதல் புத்தகத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவன் ஒருவன் ஒரு கொலைக்குச் சாட்சியாகிவிடுகிறான். அவனுக்குக் காவலாக வரும் இன்ஸ்பெக்டர் அவன்மேல் காதல்கொண்டுவிடுகிறான். ஆமாம், இரண்டு பேரும் ஆண்கள்தான். கடைசிப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வதோடு கதை முடிந்துவிடும். நூலகத்தின் மர்மக் கதை அலமாரியில் அது தற்செயலாகக் கைக்கு வந்தபோது, நின்ற இடத்திலேயே நாற்பது பக்கம் படித்துவிட்டுத்தான் புள்ளி நிமிர்ந்தார்.

இரண்டாவது புத்தகத்தில் இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். தினம் தபாலில் ஒரு சாவி வருகிறது, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. யார் அனுப்புகிறார்கள் என்று படிக்கிறவருக்குத் தலை வெடிக்க வேண்டும். ஆனால் புள்ளி நாலு முறை திரும்பிப் படித்தது ஏழாம் அத்தியாயத்தை. இரண்டு நாள் தகவலே இல்லாமல் போன இன்ஸ்பெக்டர் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வருகிறான். பூட்டுக்காரன் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவன் தலையில் துண்டைப் போட்டுத் துவட்டிக்கொண்டே, "ஈரச் செருப்போட ஏன் உள்ள வந்தே?" என்று திட்டுகிறான். அவ்வளவுதான். துப்பாக்கி, துரத்தல் எல்லாம் இருக்கிற புத்தகத்தில் இதைப் போய் நாலு முறை படிப்பார்களா?

புள்ளி படிப்பார். ஏனென்றால் அவருடைய கதையில் முதல் புத்தகம் மட்டும்தான் வந்தது.

அப்போதெல்லாம் கடைக்கு லென்ஸ் பார்சல் கொண்டுவந்த வேன் டிரைவர் ஒருவன். ஒன்றரை வருடம் பழக்கம். ஒருநாள் மழையில் முழுக்க நனைந்து கடைக்குள் வந்தான். புள்ளியின் கையில் துண்டு இருந்தது. மாமா கல்லாவில் இருந்தார். புள்ளி துண்டை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார், அவனே எடுத்துத் துடைத்துக்கொண்டான். அடுத்த மாதம் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இருபது வருடம் ஆகியும் அந்தத் துண்டு அவர் மனதில் அந்த மேசைமேலேயே கிடந்தது. ஒரு காதல் வேண்டும் என்றுகூட அவர் ஏங்கவில்லை. திட்டிக்கொண்டே தலை துவட்டிவிட ஒரு ஆள் வேண்டும் என்றுதான் ஏங்கினார்.

"சனிக்கிழமைக்குள்ள கொண்டுவந்துடுங்க. வேற ஒருத்தர் இதக் கேட்டு எழுதி வச்சிருக்கார்" என்று நூலகக்காரம்மா சொல்லியிருந்தாள்.

வேறு ஒருத்தர்! இந்த ஊரில்! புள்ளிக்கு அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை. யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்பாளே.

வியாழக்கிழமை மதியம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் படிக்கிற கண்ணாடியை வாங்கிப் போக வந்தார். புள்ளியின் வயதுதான். மீசையில் பாதி நரை, நகக்கண்ணில் கிரீஸ். கடையில் மாமா வைத்த சட்டம் ஒன்று உண்டு. கண்ணாடி வாங்குகிறவர் போட்டுப் பார்த்து, வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். "இங்க தலையாட்டிட்டு வீட்டுக்குப் போய்த் தெரியலங்கிறாங்க" என்பார். அதற்கென்றே ஒரு அட்டை இருந்தது. அதன் ஓரம் கிழிந்துவிட்டதென்று அன்று காலைதான் மாமா அதை லேமினேஷனுக்கு அனுப்பியிருந்தார்.

புள்ளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார். பழக்கதோஷத்தில் கை இழுப்பறைக்குப் போனது. அட்டை இல்லாத இடத்தில் அகப்பட்டதை எடுத்து நீட்டியது.

"எங்கேர்ந்து படிக்கட்டும்?"

"எங்கேர்ந்தாவது படிங்க" என்று சொன்ன பிறகுதான், நீட்டியது எது என்று புள்ளிக்கு உறைத்தது.

நாலு முறை பிரித்த புத்தகம் தானாகவே ஏழாம் அத்தியாயத்தில் திறந்துகொண்டது. அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். மாமா கல்லாவிலிருந்து, "கொஞ்சம் சத்தமாப் படிங்க சார்" என்றார். இருபத்து நான்கு வருடம் மூடி வைத்ததை இந்த மனிதர் இதோ நாலு வரியில் கடை முழுக்கக் கொட்டப் போகிறார்.

மெக்கானிக் பக்கத்தைப் பார்த்தார். புள்ளியை ஒரு முறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மழை விட்டிருந்தது. மூன்றாவது மாடியில் மட்டும் விளக்கு எரிந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி உள்பக்கம் தொங்கியது."

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அது முதல் புத்தகத்தின் தொடக்கம். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்துப் பிழைக்கிறவர் புள்ளி. வாசிக்கிற கண் வரியோடு ஓடும். இந்தக் கண் ஓடவில்லை, துண்டு வருகிற இடத்திலேயே நின்றிருந்தது.

"ஓ, மர்மக் கதையா!" என்றார் மாமா.

"சின்ன வயசுலேர்ந்தே இவனுக்கு இந்தப் பைத்தியம்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா மாடிப்படி ஏறினாள்.

மெக்கானிக் புத்தகத்தை மூடிக் கொடுத்தார். குரலைத் தணித்து, "சனிக்கிழமை குடுத்துடுவீங்கல்ல? எழுதி வச்சிருக்கிறது நான்தான். முடிவ மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

புள்ளிக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்தது, எல்லோரிடமும் சொல்கிற வாசகம்தான். "ஒரு வாரம் போட்டுப் பாருங்க. காதுகிட்ட இறுக்கினா கொண்டுவாங்க, சரிபண்ணித் தரேன்."

"இறுக்கலன்னா?"

மாமா கல்லாவில்தான் இருந்தார். கண்ணாடிக் கூட்டைத் தட்டில் வைத்து நகர்த்துவதுதான் கடை வழக்கம். புள்ளி அதை மெக்கானிக்கின் கையிலேயே கொடுத்தார்.

"இறுக்கலன்னாலும் வாங்க."

சனிக்கிழமை திறந்ததும் புள்ளி நூலகத்தில் நின்றார். புத்தகத்தில் இன்னும் ஒரு அத்தியாயம் இருந்தது. சாவிகளை அனுப்பியது யார், அவர்கள் இருவரும் பிழைத்தார்களா, எல்லாம் அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் இருந்தது. முந்தின நாள் மதியம் தன் அரை மணி நேரம் முழுவதும் அந்தப் பக்கங்கள் கையில் இருந்தும் அவர் புரட்டவில்லை.

"முடிச்சிட்டீங்களா?" என்றாள் நூலகக்காரம்மா.

"இல்ல. கடைசி அத்தியாயம் பாக்கி."

"அச்சச்சோ! அங்க உக்காந்து படிச்சிட்டே குடுங்களேன். அவர் சாயந்தரம்தான் வருவார்."

"வேணாம்மா" என்றார் புள்ளி. "அவர் படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்."