கூடை மிச்சம்

எங்கள் பக்கத்தில் விதைத்த அன்று விதைக்கூடையை வெறுங்கூடையாக வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். அடியில் கொஞ்சம் சோளம் மிஞ்ச வேண்டும். அதை, விதை விட்டவளின் முந்தானையில் கொட்டிவிட வேண்டும். கூடை மிச்சம் என்று அதற்குப் பெயர். கூலி வேறு, இது வேறு. அந்த மிச்சம் அவள் வீட்டில் சோறாக வெந்தால்தான் காட்டில் கதிர் நிறைந்து வரும் என்று நம்பினார்கள். கூடையைச் சுரண்டி விதைக்கிற ஆளை ஊரில் கேலி பேசுவார்கள். என் அப்பாவுக்கு யார் கேலி பேசினாலும் ஆகாது.

நாமக்கல்லுக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் கிணற்றுத் தோட்டமும், மழையை நம்பிய காடும் இருந்தன. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் காட்டுக்கு விதை விட்டவள் ஒருத்திதான். அவளுக்கென்று நிலம் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகளை ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். அப்பா முன்னால் ஏர் ஓட்ட, பின்னால் சாலில் விதையை விட்டுக்கொண்டே நடந்து வருவாள். வாய் கொஞ்சம் நீளம். "ஏரு கோணுதுங்க சாமி, ராத்திரி தூங்குலீங்களா?" என்று அப்பாவையே கேட்பாள். அப்பாவும் சாமி, நானும் சாமி, முரண்டு பிடித்து நிற்கிற மாடும் அவளுக்குச் சாமிதான்.

அறுபதுகளின் நடுவில் ஒட்டுச் சோளம் என்ற புது வீரிய விதை வந்தது. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். பிளாக் ஆபீஸிலிருந்து கிராம சேவக் சைக்கிளில் வந்து, விளைச்சல் இரட்டிப்பாகும் என்றார். இந்தச் சோளம் எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று அப்பா கேட்டார். அது அவருக்கே தெரியவில்லை. பையின் மேல் இங்கிலீஷும் இந்தியும் அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் இரண்டும் தெரியாது. உள்ளே சோளம் ரோஸ் நிறத்தில் இருந்தது.

"மருந்து கலந்த வெதைங்க. ஆடு மாடு வாய் வெக்காம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

மனிதர்கள் தின்னக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. விதையை மனிதர்கள் தின்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. கூடை மிச்சத்தைப் பற்றி எந்த ஆபீஸில் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்? அப்பாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்களும் விதைக்குச் சாம்பலும் சாணிப்பாலும் பூசுகிறவர்கள்தானே. மருந்து என்றால் அன்றைக்கு எங்களுக்கு நல்ல வார்த்தை. காய்ச்சலை இறக்குவது, புண்ணை ஆற்றுவது.

விதையை நெருக்கி விடக் கூடாது என்று சேவக் சொல்லியிருந்ததால் அந்த வருஷம் கூடையில் நிறையவே மிஞ்சியது. அதற்கு முந்தைய வருஷங்களில் மழை ஏமாற்றி, அவளுக்குக் கிடைத்த மிச்சம் ஒரு பிடிதான். அப்பாவுக்கு அது உறுத்தலாகவே இருந்தது. அதனால் அன்று மனசு நிறைந்து, மிஞ்சியது முழுவதையும் அவள் முந்தானையில் கொட்டினார். நானும் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

"இது என்னுங்க சாமி, கல்யாணப் பொண்ணாட்டம் செவந்து கெடக்குது. திங்கலாமுங்களா?" என்று அவள் கேட்டாள்.

"மருந்து தடவியிருக்குது புள்ள. நல்லாக் கழுவிப் போட்டு ஆக்கு" என்றார் அப்பா.

அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. சாயம் போய்த் தண்ணீர் தெளிகிறவரை கழுவினாள். அப்படியும் உலையில் போடாமல் முதலில் தன் கோழிக்குப் போட்டாள். மறுநாள் நான் அந்தப் பக்கம் போனபோது குடிசை வாசலில் குந்தி, கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி சாகவில்லை. அடுத்த நாளும் குப்பையைக் கிளறிக்கொண்டு திரிந்தது, முட்டைகூட வைத்தது. அதன் பிறகுதான் அவள் சோளத்தைக் குத்திச் சோறாக்கினாள். தீருகிறவரை அதே சோறு, காலையில் அதே கூழ். "ஒரு வண்டுகூட உழுகுலீங்க. அத்தன சுத்தம்" என்று என் அம்மாவிடம் மெச்சிக்கொண்டாள்.

காட்டில் சோளம் குட்டையாக, கனத்த கதிரோடு நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கதிர் வருமுன்பே, களையெடுக்க வந்தபோது அவள், விரல் மரத்துக் கிடக்கிறது என்றாள். பிறகு தண்ணீர்ச் செம்பு கையிலிருந்து நழுவியது. வரப்பில் தள்ளாடினாள். திருட்டுச் சாராயம் குடிக்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களின் வாயை எனக்கு இன்றைக்கும் மன்னிக்க மனமில்லை. கடைசியில் பேச்சு குழறியது. அப்படிப்பட்ட வாயாடி ஒரு வார்த்தைக்காக முட்டி மோதி நின்றதைப் பார்த்து நான் மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன்.

அப்பா அவளைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார். கடையில் வாங்கிய எண்ணெய், மாவு ஏதாவது சாப்பிட்டாளா என்று டாக்டர் கேட்டார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். அவருக்குப் புரியாததால் நான் திருப்பிச் சொன்னேன்.

"கடச் சாமான் எதும் இல்லீங்களாம். எங்க காட்டுச் சோளந்தானுங்களாம். எங்கிருந்து வந்ததுன்னு தெரியாதத வாயில வெக்கமாட்டாங்களாம்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "அது வெதச் சோளமுங்க. செவப்பா இருந்துது. கழுவித்தானுங்க ஆக்குனா" என்றார்.

டாக்டர் அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "சாயந்தான் கழுவினா போகும். மருந்து போகாது. உடனே ஒண்ணும் தெரியாது, நரம்புல போய் உக்காந்துக்கும்" என்றார்.

"கொணமாயிருமுங்களா?" என்று அப்பா கேட்டார்.

டாக்டர் அவளிடம்தான் பதில் சொன்னார். இனி அதைச் சாப்பிட வேண்டாம் என்றார். அது தீர்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

திரும்பும்போது பஸ் ராசிபுரத்தில் நின்றது. இறங்கி மகளைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். அவள் தன் காலைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினாள். இந்த நடையை மகள் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து சாப்பிட வேண்டும் என்று இப்போது யாராவது எனக்குப் புத்தி சொன்னால் எரிச்சலாக வருகிறது. அவளுக்குத் தெரியாததா? காடு தெரியும், கிணறு தெரியும், கொட்டிக் கொடுத்த கை தெரியும். தெரிந்த கை என்பதால்தான் நம்பித் தின்றாள். அந்தக் கைக்குத்தான் தான் கொடுத்தது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த வருஷம் மகசூல் சேவக் சொன்னபடியே வந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதைத் தின்ன மனசு வரவில்லை. மூட்டை பிடித்து மண்டிக்கு ஏற்றினோம். வாங்கித் தின்றவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

மறு வருஷம் அப்பா பழைய நாட்டுச் சோளத்தையே எடுத்தார். எங்கள் குதிரிலிருந்து எடுத்த, எதுவும் பூசாத சோளம். அவள் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் நா எழவில்லை. கூடையில் கை விட்டு ஒரு பிடி எடுத்து முதல் சாலில் விட்டாள். கை உதறிய உதறலில் அத்தனையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். மீதிக் காட்டுக்கு நான் விதை விட்டேன்.

விதைத்து முடிந்ததும் அப்பா கூடை மிச்சத்தை எனக்குத் தரவில்லை. வீட்டிலிருந்து இன்னும் சோளம் கொண்டுவந்து கூடை நிறையப் போட்டு, அவள் முன்னால் வைத்தார். "நம்ம குதிருச் சோளந்தான் புள்ள. முந்தானையப் புடி" என்றார்.

அவள் பிடிக்கவில்லை. கூடையிலிருந்து நாலு மணியை எடுத்து, நடுங்குகிற கையை அப்பாவிடம் நீட்டினாள்.

"மொதல்ல... நீங்க தின்னுங்க... சாமி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். அவள் கையிலிருந்து என் அப்பா எதையும் வாங்கித் தின்று நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அது வழக்கமும் இல்லை. அன்று குனிந்து, இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டு, பச்சைச் சோளத்தை மென்றார். கண்ணில் தண்ணீர் வடிந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குக் கோழியைப் பார்த்தது போல.

அவர் விழுங்கி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுகிறவரை மூவரும் அந்த வரப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். கூடை நடுவில் இருந்தது. அவள் முந்தானையை விரிக்கவே இல்லை.