காதுக்கு வைத்த பரீட்சை

நான்காம் வகுப்பில் எந்தப் பரீட்சைக்கும் நான் அவ்வளவு குஷியாகக் கிளம்பியதில்லை. இடது பக்கம் நின்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார். அதுவரை அதைத் திமிர் என்றே நம்பி முதுகில் இரண்டு வைத்துக்கொண்டிருந்த அம்மா, பயந்துபோய் ஆபீசுக்கு லீவு போட்டாள். என் காதுக்கு டெஸ்டாம்! எனக்கும் லீவு, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு. வேறென்ன வேண்டும்?

முந்தின நாளே அண்ணன் எனக்குக் கோச்சிங் கொடுத்துவிட்டான். என்ட்ரன்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்ததால், உலகத்தில் எந்தப் பரீட்சையையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்ற நினைப்பு அவனுக்கு.

"தெரியலன்னாலும் சும்மா விடாத. குத்துமதிப்பா எதையாவது போட்டுடு. மார்க் குறைக்க மாட்டாங்க" என்றான். வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பம்மலிலிருந்து தாம்பரம் போய் ஆஸ்பத்திரி மாடியேறினோம். டெஸ்ட் வைக்கிற அக்கா என்னை மட்டும் ஒரு குட்டி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். "குய்னு ஒரு சத்தம் வரும். ரொம்ப மெதுவா கேட்டாலும் அமுக்கணும், சரியா?" என்று சொல்லிவிட்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். எங்கள் தெருவுக்கு மேலே தாழப் பறக்கும் விமானங்களில் ஒன்றை என்னிடம் ஓட்டக் கொடுத்ததுபோல் இருந்தது.

முதலில் வலது காது. குய் குய் என்று வர வர வெளுத்துக்கட்டினேன். பிறகு இடது காது. ஒன்றுமே வரவில்லை. அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. அமுக்கினேன். விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்தது. "நான் சத்தமே குடுக்கலியே கண்ணு, எதுக்கு அமுக்கற?" என்று அந்த அக்கா சிரித்தார். அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

"இதுல பாஸ், ஃபெயில்லாம் கிடையாது. கேக்கலன்னா சும்மா இரு."

பாஸ், ஃபெயில் இல்லாத பரீட்சை உண்டா என்ன? நான் நம்பவில்லை. ஆனாலும் மறுபடி வைத்தபோது நேர்மையாகவே எழுதினேன். வெகு நேரம் கழித்து எங்கோ தூரத்தில் ஒரு குய் கேட்டது. சந்தோஷத்தில் பட்டனை உடைக்காத குறைதான்.

அப்புறம் அம்மாவை உள்ளே கூப்பிட்டு, கட்டம் போட்ட தாளைக் காட்டி, "ரைட் பதினஞ்சு. லெஃப்ட் எழுபது" என்றார். அதற்குமேல் அவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதை நான் கவனிக்கவில்லை. எழுபது! கணக்கில்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை. திட்டு வாங்கிக் கொடுத்த அதே இடது காதுதான் எழுபது வாங்கியிருக்கிறது. அண்ணனிடம் போய்ச் சொல்லக் கால் பரபரத்தது.

பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பதினைந்துக்காகத்தான் அழுகிறாள், பாவம் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா. அடுத்த தடவ ரைட்டும் எழுபது வாங்கிடும். ப்ராமிஸ்!"

அத்தனை பேர் பார்க்க அம்மா என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதாள். அந்தத் தாளில் எண் ஏற ஏறக் காது மந்தம் என்று எனக்குத் தெரியாது. மிச்சமிருக்கிற ஒரு நல்ல காதையும் செவிடாக்கிக் காட்டுகிறேன் என்றுதான் அவளுக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்தேன் என்பதும் தெரியாது.