சிவப்புப் பட்டன் இருந்த பக்கம்

என் மச்சினியை எங்கள் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாத்தியாரம்மா என்றால்தான் தெரியும். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. டப்பாக்களுக்குத் தகர மூடி வெட்டுகிற இடம் எங்களுடையது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மெஷின் பழக்கிவிடுவது அவள் வேலை. மெஷின் பழுதானால் சரிசெய்வது என் வேலை. போதாததற்கு எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். காலையில் பஸ்ஸில் அவள் பேச்சு, பகலில் பயிற்சி அறையிலிருந்து அவள் சத்தம், சாயங்காலம் கீழே இறங்கி வந்து அக்காவோடு அரட்டை. என் காதுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது.

பத்தொன்பது வயதில் அவளும் மெஷினில் நின்றவள்தான். பக்கத்து மெஷின்காரிக்குக் கை மாட்டியபோது, அந்தப் பெண் பட்டனை அழுத்தத் தோன்றாமல் மரமாக நின்றதைக் கண்ணால் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். "யோசிக்கிற நேரம் கிடைக்காது. கைக்கே தெரியணும்" என்பாள். பயிற்சி அறை திறந்து அவளை அங்கே போட்டபோது இதையே ஒரு முறையாக்கிவிட்டாள். பயிற்சிக்கு வருகிறவரின் கண்ணைத் துணியால் கட்டி மெஷின் முன் நிறுத்துவாள். பின்னாலிருந்து கை தட்டுவாள். இரண்டாவது தட்டு விழுவதற்குள் சிவப்புப் பட்டன் மேல் கை இருக்க வேண்டும். இருநூறு தடவை. ஐம்பது மார்க்கில் முப்பது மார்க் இதற்குத்தான். நாற்பதுக்குக் கீழே எடுத்தால் உற்பத்தித் தளத்துக்கு அனுப்பமாட்டாள், மேனேஜரே வந்து கேட்டாலும் சரி.

வழக்கமாக மெஷினை நிறுத்தக் கால் மிதி இருக்கிறது. அதிலிருந்து காலை எடுத்தால் தகடு இழுக்கும் உருளை மெதுவாகத்தான் நிற்கும். சட்டென்று நிற்க வேண்டுமானால் சிவப்புப் பட்டன். அதை வருஷத்துக்கு ஒருமுறைகூட யாரும் தொடமாட்டார்கள். ஆபத்துக்கென்று இருப்பது அது.

போன மாதம் மூன்றாம் வரிசை மெஷினில் ஆபத்து வந்தது. ரெட்டைச்சடை என்று நாங்கள் கூப்பிடுகிற பெண். முப்பது வயதாகியும் தொப்பிக்குள் இரண்டு சடை போட்டுத்தான் வருவாள். கோணலாக வந்த தகட்டைத் தட்டிவிடப் போனாள். உருளை வலது கையுறையின் நுனியைக் கவ்வியது. மிதியிலிருந்து கால் விலகி மெஷின் மெதுவாக நின்றபோது இரண்டு விரல் நசுங்கியிருந்தது. உருளையைக் கழற்றிக் கையை எடுத்தவன் நான். அவள் அழவில்லை. "நிறுத்தினேன் அண்ணே, நான் நிறுத்தினேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வலியில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

விசாரணை வைத்தார்கள். மேனேஜருக்கு முடிவு முன்னாலேயே தெரிந்திருந்தது. வாத்தியாரம்மாவைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அந்தப் பெண்ணுக்கு முழுமையான பயிற்சி அளிக்கப்பட்டது, நாற்பத்தெட்டு மதிப்பெண் பெற்றாள் என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இது என் மேசையில இருக்கணும்மா. பயிற்சி குடுத்தும் இப்படி நடந்தா அது அவங்க கவனக்குறைவு. வேலையில வச்சுக்க முடியாது."

அந்தத் தாள் நான்கு நாள் அவள் கைப்பையிலேயே கிடந்தது. பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. அவள் பேசாவிட்டால் எனக்கு நிம்மதி என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்த நான்கு நாளும் நானே பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

அதே வாரம் கண்ணாடிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் பயிற்சித் திட்டம் உருப்படியானதுதானா, எங்கே திருத்தலாம் என்று பார்க்க வெளியிலிருந்து அனுப்பப்பட்ட மதிப்பீட்டாளர். எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். பயிற்சி எப்படி, திருப்தியா, சுமாரா என்று வரிசையாகக் கட்டம். கடைசியில், 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா? பெயர் எழுத வேண்டியதில்லை' என்று ஒரு பெரிய கட்டம். அதை யார் நிரப்பியிருக்கிறார்கள் இதுவரை? நான் நாலாக மடித்து ஸ்பேனர் பெட்டிக்குள் போட்டேன்.

ஆனால் மனிதர் படிவத்தோடு நிற்கிற ஆள் இல்லை. முதலுதவி அறைக் குறிப்பேட்டையும் மார்க் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் உட்கார்ந்தார். புதன்கிழமை பயிற்சி அறைக்கு வந்தார். நான் அங்கே ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்மா. மூணு வருஷத்துல உருளையில கை மாட்டினது பதினாலு பேர். பெரும்பாலும் சின்னக் காயம்தான். அதுல பதினோரு பேர் நாப்பத்தஞ்சுக்கு மேல மார்க் வாங்கினவங்க. மீதி மூணு பேரும் நாப்பதைத் தாண்டினவங்கதான். இந்த ரூம் வர்றதுக்கு முன்னாடி சேர்ந்த பழைய ஆளுங்க ஒருத்தர்கூட இல்ல. நல்லாப் படிச்சவங்களுக்கு மட்டும் ஏன் அடிபடுது?"

வாத்தியாரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சொல்லிக்குடுத்ததாலதான் அடிபடுதுன்றீங்களா?"

"எனக்குத் தெரியல. அதனாலதான் கேக்கறேன்."

அவர் போனபிறகு அவள் சாக்பீஸ் பெட்டியை எடுத்த இடத்தில் வைக்காமல் மேசையில் எறிந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கீழே வரவில்லை. சாப்பிட அழைக்கப் போன என் மனைவியிடம், பசியில்லை என்று கதவுக்குள்ளிருந்தே சொல்லி அனுப்பினாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும், "மாமா, ரெட்டைச்சடை வீட்டுக்குப் போகணும். கூட வாங்க" என்றாள்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். ரெட்டைச்சடைக்கு அன்று ஒற்றைச் சடைதான், அதுவும் கோணலாக. "என் பொண்ணு பின்னிவிட்டா. எட்டு வயசுக்கு இதுவே பெரிசு" என்றாள். வலது கையில் கட்டு. அவள் வேலையை நம்பித்தான் அந்த வீடு ஓடுகிறது. அதை அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. வேலை போய்விடுமா என்று கேட்பாள் என்று நான் பயந்துகொண்டே நின்றேன்.

அவள் கேட்டது வேறு. "அக்கா, நான் உங்க பேரைக் கெடுத்துட்டேனா?"

வாத்தியாரம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். "எந்திரி. அன்னிக்கு எப்படி நின்ன, அப்படி நில்லு. வலது கை மாட்டிக்கிச்சு. என்ன பண்ணின?"

"பட்டனை அடிச்சேன்க்கா. ரெண்டு மூணு தடவை அடிச்சேன். நிக்கவே இல்ல."

"அடிச்சுக் காமி."

சமையல் மேடை முன்னால் நின்று, கட்டுப்போட்ட கையை நீட்டிக்கொண்டு, இடது கையால் அடித்தாள். கை இடுப்புயரத்தில், இடது பக்கம் போனது. கேஸ் அடுப்பின் விளிம்பில் டங்கென்று பட்டது.

வாத்தியாரம்மா அவள் கை பட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

தளத்து மெஷின்களில் சிவப்புப் பட்டன் வலது பக்கம், தோள் உயரத்தில் இருக்கிறது. பயிற்சி அறையில் இருப்பது ஒன்பது வருஷத்துக்கு முன் கழித்துக்கட்டிய பழைய மெஷின். அதில் இடது பக்கம், இடுப்புயரத்தில். இது ரகசியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் வாத்தியாரம்மா வாய் வலிக்கச் சொல்லுவாள், "இங்க இடது, கீழ தளத்துல வலது, மறந்துடாதீங்க." கேள்வித்தாளிலும் கேட்பாள். எல்லாரும் வலது என்று சரியாகத்தான் எழுதுவார்கள். வாயும் பேனாவும் வலது என்று படித்தன. கை மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு இருநூறு தடவை இடது என்று படித்தது. யார் நன்றாகப் படித்தார்களோ அவர்கள் கை அவ்வளவு வேகமாக, பட்டனே இல்லாத இடத்துக்குப் போனது.

படியிறங்கும்போது வாத்தியாரம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "பதினாலு பேர் மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மீதியை நான் சொல்லியாக வேண்டும். அந்தப் பழைய மெஷினைப் பயிற்சி அறையில் பொருத்தியவன் நான். முதல் வாரமே அவள் என்னிடம், பட்டனைக் கீழே இருக்கிற மாதிரி வலது பக்கம் மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். மறுபடி கேட்டாள். "உனக்கு வேற வேலை இல்லையா? வாயால சொல்லிக்குடு, போதும்" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதிலும் வீட்டு ஆள் வேலை சொன்னால். மூன்றாவது தடவை கேட்டபோது சிரித்து மழுப்பினேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அன்றைக்குப் படியில் நின்றபோதும் அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. மேனேஜர், கண்ணாடிக்காரர், வாசலருகே நான். கழற்றிய உருளையைக் காட்டச் சொல்லி என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். வாத்தியாரம்மா அந்தத் தாளை மேசையில் வைத்தாள். கையெழுத்து இல்லை.

"இதுல கையெழுத்துப் போடமாட்டேன் சார். பத்து நிமிஷம் தளத்துக்கு வாங்க."

"இப்ப எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?"

"பத்து நிமிஷம் சார். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். அதனால் மேனேஜரும் எழ வேண்டியதாயிற்று.

மூன்றாம் வரிசை மெஷினின் மின்சாரத்தை நானே துண்டித்தேன். நாற்பத்தைந்துக்கு மேல் மார்க் வாங்கிய ஆறு பேரை வரவழைத்தாள். ஒவ்வொருவரையும் மெஷின் முன் நிறுத்தி, பட்டன் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டாள். வலது என்றார்கள். சரி, தகட்டைத் தள்ளுங்கள் என்றாள். அவர்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து கை தட்டினாள்.

முதல் ஆளின் இடது கை இரும்புச் சட்டத்தில் அடித்தது. இரண்டாவது ஆளும் அங்கேதான். மூன்றாவது பெண் அடித்துவிட்டுத் தன் கையைத் தானே பார்த்து, "ஐயோ" என்றாள். நாலு, ஐந்து. ஆறாவது ஆள் மற்ற ஐந்து பேரையும் பார்த்துக்கொண்டிருந்தவன், தெரிந்தே நின்றவன். தட்டியதும் அவன் கையும் இடது பக்கம் பாதி தூரம் போய்த்தான் திரும்பியது.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக்காரர் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கவனக்குறைவா இல்ல சார்," என்றாள் வாத்தியாரம்மா. "நான் என்ன சொல்லிக்குடுத்தேனோ அதைத்தான் செஞ்சா. சொன்னதைவிட வேகமாச் செஞ்சா."

"ரெண்டு மெஷினும் வேறன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? மாத்தணும்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

இந்தக் கேள்வி வரும் என்று காலையிலிருந்தே எனக்குத் தெரியும். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அழுத்திச் சொல்லல சார். என் தப்புதான்."

நான் உருளையைப் பிடித்துக்கொண்டு, கனக்கிறது என்கிற மாதிரி நின்றேன்.

ரெட்டைச்சடைக்கு வேலை நிலைத்தது. கண்ணாடிக்காரர் அறிக்கை எழுதினார்: பயிற்சி மெஷினும் தளத்து மெஷினும் ஒன்றாக இருக்க வேண்டும், பட்டன் எந்தப் பக்கம் என்று கேள்வித்தாளில் கேட்பதோடு நிறுத்தாமல் தளத்து மெஷினிலேயே கையைப் பார்த்து மார்க் போட வேண்டும், தளத்துக்குப் போன ஒரு மாதத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். பழைய மெஷினில் பழகியவர்கள் எல்லாருக்கும் புதிதாகப் பயிற்சி. வாத்தியாரம்மாவைப் பயிற்சி அறையிலிருந்து எடுத்து மூன்றாம் வரிசை மெஷினில் போட்டார்கள். அது அறிக்கையில் இல்லை, மேனேஜருடைய ஏற்பாடு.

பட்டனை மாற்றும் வேலை எனக்கு வந்தது. துளை போட்டு, வயரை நீட்டி, பட்டனை வலது பக்கம் தோளுயரத்தில் பொருத்தினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிஷம்.

நேற்று அந்த அறைக்கு எண்ணெய் போடப் போனேன். ரெட்டைச்சடையின் கையில் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அவளால் இனி தகடு பிடிக்க முடியாது என்பதால் பயிற்சி அறையைக் கொஞ்ச நாளைக்கு அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். மெஷின் முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றது என் மச்சினி. தளத்தில் வேலை பார்க்க அவளும் நாற்பது வாங்கியாக வேண்டும்.

ரெட்டைச்சடை, வளையாத இரண்டு விரலோடு கை தட்டினாள். வருஷக்கணக்காகச் செய்துகாட்டிப் பழகிய வாத்தியாரம்மாவின் இடது கை விர்ரென்று இடுப்புப் பக்கம் போய் வெறும் இரும்பில் அடித்தது.

"இல்லக்கா. மறுபடி," என்றாள் ரெட்டைச்சடை, மெதுவாக.

"எத்தனாவது இது?"

"நூத்தி முப்பது."

வாத்தியாரம்மா புறங்கையை வாயில் வைத்து ஊதிக்கொண்டாள். கை கன்றியிருந்தது. "தட்டு" என்றாள்.

நான் எண்ணெய் போடாமலே திரும்பிவிட்டேன். ஸ்பேனர் பெட்டியின் அடியில் அந்தப் படிவம் கிரீஸ் பட்டுக் கிடந்தது. கண்ணாடிக்காரர் அடுத்த மாதம் மறுபடி பார்க்க வருகிறார். கடைசிக் கட்டத்தில், பட்டனை மாற்றச் சொல்லி அவள் மூன்று தடவை கேட்டாள், மாற்றாதவன் நான் என்று எழுதினேன். பெயர் எழுத வேண்டியதில்லை என்று அச்சடித்திருந்தது. எழுதினேன்.