எத்தனையாவது தண்ணீர்

பள்ளிக்கூடத்தைத் திங்கட்கிழமை திறக்கிறோம் என்று தலைமை ஆசிரியர் எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். ஆசிரியர்களுக்கென்று தனி அறை எங்கள் பள்ளியில் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில், முழங்கால் இடிக்க உட்கார்ந்துதான் கூட்டம் போடுவோம். அன்றைக்கும் அப்படித்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பெரியம்மை திருவனந்தபுரத்தைப் போட்டு உலுக்கிய வருஷம் அது. தெற்குத் தாலுகாக்கள் தமிழ்ப் பக்கம் பிரிந்து போகாத காலம். நாகர்கோவிலும் நாங்களும் ஒரே ராஜ்யத்தில் இருந்தோம். ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில், தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு வியாபாரி நடத்திய சின்ன ஆரம்பப் பள்ளி எங்களுடையது. அவரை மேனேஜர் என்போம். தை மாதக் கடைசியில் வாசல்களில் வேப்பிலை தொங்க ஆரம்பித்தது. அம்மை வார்த்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள் என்பதால் தெருவில் கடுகு வாசனையே இல்லை. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட ஒருவர் மேல் ஒருவர் படாமல் நின்றார்கள். பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது, மூடினோம். பங்குனி பிறந்ததும் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வருஷப் பரீட்சை இருக்கிறதாம். அம்மை எங்கள் தெருவை விட்டுப் போய்விட்டது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

"அம்மை வந்த வீட்டுப் பிள்ளைகளை என்ன செய்யது ஸார்?" என்று கேட்டேன்.

தலைமை ஆசிரியர் நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளி. பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். மேனேஜரைக் கண்டால் தொடை நடுங்குகிறவர், அவ்வளவுதான். எங்களோடு தமிழ் பேசுவார், பாதி தூரம் போனதும் மலையாளத்தில் இறங்கிவிடுவார்.

"அதொண்ணும் சாரமில்ல டீச்சரே. தலைக்குத் தண்ணி விட்டாச்சுன்னு வீட்டுக்காரங்க பறஞ்சா போதும். வரலாம்."

"எத்தனாவது தண்ணி?"

"அதென்ன எத்தனாவது? தண்ணி தண்ணிதானே" என்று சிரித்தார். அவர் சிரித்ததற்காக இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீடுகளில் அம்மைக்குத் தலைக்குத் தண்ணீர் விடுவது ஒரு தடவையோடு முடிகிற காரியம் இல்லை. கொப்புளம் காய ஆரம்பித்ததும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை முதலில் விடுவார்கள். இடைவெளி விட்டு இரண்டாவது. காய்ந்த பொருக்கு, பக்கு என்போம், அதெல்லாம் உதிர்ந்த பிறகு மூன்றாவது. முதல் தண்ணீர் விட்ட அன்றைக்குப் பிள்ளை எழுந்து உட்காரும், பசிக்கிறது என்று கேட்கும். அம்மாக்களுக்கு அதுவே போதும், விட்டாச்சு என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் பக்கு உதிர்ந்து முடிகிற வரைக்கும் அது அடுத்தவருக்கு ஒட்டும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், சின்ன வயதில் நானும் வாங்கியவள். என் முகத்தைப் பார்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு இனி வராது. என்னைப் பற்றிய கவலையே எனக்கு இல்லை. கவலையெல்லாம் ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பற்றித்தான்.

அவள் நாகர்கோவில் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தற்காலிக வேலை. வாயும் வயிறுமாக இருந்தாள், ஏழாம் மாதம். சிறு வயதில் அவளுக்குப் போட்ட அம்மைத் தடுப்பு அச்சுக்குத்து பிடிக்கவில்லை; கையில் தழும்பு இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். இப்போது குத்தலாம் என்றால், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் வீட்டில் ஒரே பிடியாக நின்றார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பெரியம்மை கண்டால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷமே தெரிந்துகொள்ள நேர்ந்தது. எங்கள் தெருவிலேயே ஒருத்திக்கு வந்தது; தாயும் போனாள், பிள்ளையும் போனது.

கூட்டம் முடிந்து கிணற்றடியில் நின்றோம். "அக்கா, நான் லீவு கேட்டா வேற ஆளைப் போட்டிருவாவ. அவருக்கும் இப்ப வேலை இல்ல. என்ன செய்யட்டும்?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று தோன்றியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். எட்ட நின்று பாடம் கேட்கிற ஜாதியா அது? முந்தானையில் மூக்கைத் துடைக்கும், மடியில் ஏறும், கணக்கு வரவில்லையென்றால் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்.

நான் நேரே தலைமை ஆசிரியரிடம் திரும்பிப் போனேன். ஒன்றாம் வகுப்பையும் என் வகுப்பையும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன், அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் எழுதட்டும் என்றேன். முடியாது என்றார். இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் வருவார், அவரவர் வகுப்பில் அவரவர் இருக்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளோட காரியம் வெளியில பறையண்டா கேட்டோ. ஆளுகள் பயந்து பிள்ளைகளை அனுப்பாம இருந்தா மேனேஜர் எந்நெ சும்மா விட மாட்டார்" என்றார்.

"அப்ப நான் கேட்டில நிக்கேன்" என்றேன்.

"நிங்ஙளுக்கு யாரு அதிகாரம் தந்நு?"

"யாரும் தரல்ல. நானே எடுத்துக்கிட்டேன்."

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே கேட்டை ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, படியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மை வராத வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விட்டேன். வந்து போன வீட்டுப் பிள்ளை என்றால், "மக்ளே, இப்பிடி உக்காரு, காலை நீட்டு" என்றேன். முகத்தைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்பிவிடுவார்கள், முகம் ஒன்றும் சொல்லாது. உள்ளங்காலில்தான் பக்கு கடைசிவரை கிடக்கும், தோலுக்குக் கீழே கறுப்பு உளுந்து மாதிரி.

டீச்சர் மேல் கால் பட்டால் பாவம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவை. தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் காலைக் காட்டு என்றால் என்ன செய்யும்? ஒன்று பாவாடைக்குள் காலை இழுத்துக்கொண்டது, ஒன்று ஓடியே போய்விட்டது. கடைசியில் நானே காலைப் பிடித்துத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பார்த்து முடித்ததும் ஒவ்வொன்றும் எனக்கு ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டு உள்ளே ஓடியது. தெருவில் நின்ற அம்மாக்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்ரஹாரத்திலிருந்து ஒரு மாமி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றாம் வகுப்பில் முதலாவதாக வருகிற பெண். தலையில் கனகாம்பரம், கண்ணில் மை, பவுடர் அப்பிய முகத்தில் வடு ஒன்றும் தெரியவில்லை.

"கொழந்தைக்கு ஜலம் விட்டாச்சு" என்றாள் மாமி, நான் கேட்பதற்கு முன்பே.

"எத்தனாவது ஜலம் மாமி?"

"விட்டாச்சுங்கறேனே. கேள்வி என்ன கேள்வி."

பெண்ணின் காலை எடுத்து மடியில் வைத்தேன். குதிகாலில் பக்குகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றிரண்டு பாதி பெயர்ந்து தொங்கின. மாமியும் பார்த்தாள், பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"மாமி, மூணாவது விட்டுட்டுக் கூட்டிட்டு வாருங்கோ."

"பரீட்சை போயிடும். ஒரு வருஷம் வீணாப் போயிடும். அம்பாள் மலை ஏறிட்டா, அப்புறமும் இப்படி நோண்டி நோண்டிப் பாக்கறேளே, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"அம்பாளுக்கும் எனக்கும் பழைய பழக்கம். என் மூஞ்சியப் பாத்தா தெரியல்லியா?"

அந்தச் சமயத்தில் தலைமை ஆசிரியர் செருப்புச் சத்தம் கேட்க வந்தார். மாமியைக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "எழுந்நேல்க்கணும் டீச்சரே. குட்டியெ உள்ளே விடணும். இது என் ஆர்டர்" என்றார்.

"நான் இங்க இருக்கிற வரைக்கும் விட மாட்டேன் ஸார்."

"அப்படின்னா நாளை முதல் நிங்ஙள் இங்க இருக்க மாட்டீர்."

"நாளைக்குள்ளதை நாளைக்குப் பாக்கலாம். இன்னைக்கு இந்தப் பிள்ளை உள்ள போகாது."

மாமிக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. ஹெட்மாஸ்டரே சொன்னப்புறம் இவ யாரு தடுக்க, என்று பெண்ணின் கையைப் பிடித்து என்னைத் தாண்டி இழுத்தாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பொதுவில் சொல்லக் கூடாததை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"மாமி, உங்க பொண்ணு போய் மடியில ஏறப்போற டீச்சர் ஏழு மாசம். அச்சுக்குத்தும் பிடிக்காத உடம்பு. தெரிஞ்சுக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்கோ."

மாமி கையை விட்டாள்.

"யாரு, அந்த வேதக்காரப் பொண்ணா? கொழந்தை ராத்திரியெல்லாம் எங்க டீச்சர் எங்க டீச்சர்னு சொல்லிண்டு இருப்பாளே, அவளா?"

"அவதான்."

மாமி தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இது தெரியுமோ?"

அவர் கேட்டுக் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டினார்.

"தெரிஞ்சுண்டா எங்களை அனுப்பச் சொன்னேள்?" என்றாள் மாமி. சத்தம் போடவில்லை, வீட்டில் தப்புச் செய்த பிள்ளையிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அம்மை வந்து போன வீட்டுக்காரி என்பதால் எந்த வாசல் படியையும் மிதிக்காமல், நடுத்தெருவில் நின்றபடியே, ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனாளாம். பள்ளிக்கூடத்தில் கர்ப்பிணி இருக்கா, மூணாவது ஜலம் விடாம ஒரு குழந்தையும் போகக் கூடாது.

உள்ளே போனபோது ஒன்றாம் வகுப்பு இளைய டீச்சர் தன் வகுப்பு வாசலில் நின்றிருந்தாள், முகம் சிவந்து போய்.

"அக்கா, ஊரே கேக்க விளம்பரம் பண்ணிட்டியளே."

"பண்ணினேன். கோவமா?"

"வெக்கமா இருக்கு" என்றவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சில வாரங்களில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் தலைமை ஆசிரியர் தன் கையாலேயே கேட்டை அகலத் திறந்து வைத்தார். என்னைப் பக்கத்தில் வரக் கூடாது என்றார். நான் என் வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தது. ஒருவரும் வரவில்லை. காலைப் பார்க்க ஆள் இல்லை என்று தெரிந்து, அம்மை வராத வீட்டுப் பிள்ளைகள்கூட வரவில்லை. கேட்டைத் திறக்கலாம், தெருவை வரவழைக்க முடியுமா? அவர் திரும்பத் திரும்ப வெளியே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டமாக இருந்தது, மறைக்கவும் இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மாக்களே பிள்ளையைப் படியில் உட்கார்த்தி, காலைத் தூக்கி ஒருவருக்கொருவர் காட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்கள். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது ஜலம் விட்ட பிறகு மாமியின் பெண்ணும் வந்தாள், பரீட்சையும் எழுதினாள். பள்ளி நிறைவதற்குள் கோடை லீவு வந்துவிட்டது. இளைய டீச்சர் ஒரு நாள் லீவு எடுக்காமல் தன் வகுப்பில் இருந்துவிட்டு, பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள்.

எனக்கு லீவிலேயே வேலை போய்விட்டது. அடக்கம் இல்லாதவள், பெற்றோர்களைத் தூண்டிவிட்டவள் என்று மேனேஜர் சொன்னாராம். வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லி யாரிடம் வீம்பு காட்ட?

ஆடி மாதத்து மழை நாளில் தலைமை ஆசிரியர் குடையோடு என் வீட்டுக்கு வந்தார். அவர் வந்த நேரம், பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த இளைய டீச்சர் பிள்ளையைக் காட்ட வந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள். மழையினால் பள்ளிக்குப் பாதி நாள் விடுமுறை. அவளைப் பார்த்ததும் குடையை மடக்குவதிலேயே நேரத்தைக் கடத்தினார். பிறகு எப்படியோ சொன்னார்.

"மேனேஜர் ஒரு வாக்கு போதும்னு பறஞ்ஞு. செஞ்சது தப்பாயிப் போச்சுன்னு ஒரே ஒரு வாக்கு. ஜோலி திரும்பக் கிட்டும் டீச்சரே."

நான் அவளுடைய மடியிலிருந்து பிள்ளையை எடுத்தேன். அவர் குடையை வைக்க இடம் தேடுவதற்குள் அவர் கையில் கொடுத்தேன்.

"இதுகிட்டச் சொல்லுங்கோ ஸார், நான் செஞ்சது தப்புன்னு."

அவர் பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். குடை கீழே விழுந்தது. பிள்ளை அவர் சட்டையை நனைத்துவிட்டது. அவர் அதை இறக்கி வைக்கவும் இல்லை, தரவும் இல்லை.

"பெண்குட்டியோ?" என்றார் கடைசியில்.

"ஆமா ஸார்" என்றாள் அவள்.

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, காப்பி குடிக்காமலே போனார். மேனேஜரிடம் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. நான் அந்த ஒரு வாக்கைச் சொல்லவில்லை. அந்த வேலையும் திரும்பி வரவில்லை.