ஜில்லென்று ஒரு யூரியா பாட்டில்

சிங்கப்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதம் சுருண்டு கிடந்தது. அதை அவிழ்த்தால்தான், புரதத்தைப் பிரித்தெடுக்கும் நிக்கல் பிசின் மணிகளில் ஒட்டும்.

"யூரியா போதும் லா," என்றாள் பக்கத்து மேசைக்காரி. வெயிலில் வந்தால், யூரியா கரையும்போது குளிர்கிற பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொள்பவள்.

தஞ்சாவூர்க்காரனான எனக்கு யூரியா என்றாலே வயல் உரம். பிடிவாதமாக, அதே வேலையைச் செய்யும் குவானிடின் என்ற இன்னொரு ரசாயனத்தை ஊற்றினேன். புரதம் அவிழ்ந்தது, ஒட்டியது. மிதப்பாக நடந்தேன். புரதத்தை ஜெல்லில் ஓட்டிச் சோதிப்பதற்காகச் சோப்புச் சாயத்தைக் கலந்ததும் எல்லாம் தயிராகத் திரண்டது. குவானிடினுக்கும் அந்தச் சோப்புக்கும் ஆகவே ஆகாது.

"தேக்கா மார்க்கெட்டுல தயிர்சாதக் கடை போடுங்க," என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு யூரியா பாட்டில் இருந்தது. அவளைக் காணோம். தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஜில்லென்று இருந்தது.